ஏணியைக் காட்டி ஏய்க்கிறார்கள்!

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும் உதவிப் பயிற்சியாளர்களின் கதியும்

2024 ஜனவரி 10ந் தேதி அமெரிக்காவிலுள்ள அலபாமா சர்வகலாசாலையின் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் நிக் ஸேபன் ஓய்வு பெற்றார். ஏழு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர். வயது 72. எழுபத்திரண்டு வயதில் ஒருவர் ஓய்வு பெறுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது.

இரண்டே நாளில் அலபாமா நிர்வாகம் வாஷிங்டன் சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளர் கேலன் டிபோயரைப் பிடித்தது. அவரோ நான்கு நாட்களுக்கு முன்புதான் தம் அணியைத் தேசிய இறுதி ஆட்டத்தில் இறக்கியவர். காலியான வாஷிங்டன் நாற்காலிக்கு அரிஸோனாவின் ஜெட் பிஷ் வந்தார். அரிஸோனாவின் நாற்காலிக்கு ஸான் ஹோஸே மாநில சர்வகலாசாலையின் பிரென்ட் பிரென்னன் வந்தார். ஸான் ஹோஸேக்குக் கென் நியூமடலோலோ வந்தார். ஒரு மாதம் முடிவதற்குள் நான்கு நாற்காலிகள் மாறிவிட்டன.

பத்திரிகைகள் இந்த நான்கு பேரின் படங்களைப் போட்டன. சம்பளத்தைப் போட்டன. விமான நிலையத்தில் கிடைத்த வரவேற்பைப் போட்டன. ஆனால் அந்த நான்கு நாற்காலிகளுக்கும் பின்னால், அன்றைய விதிப்படி பத்துப் பத்துப் பேராக, நாற்பது உதவிப் பயிற்சியாளர் வேலைகள் இருந்தன. அந்த நாற்பது குடும்பங்களும் அந்த மாதம் எப்படித் தூங்கின? வீட்டு வாடகை ஒப்பந்தம் என்ன ஆயிற்று? பாதிப் படிப்பில் குழந்தைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்? இதை எழுதத் தலைப்புச் செய்தியில் இடம் இல்லை!

இந்த நாற்பது பேரைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

இது என்ன ஆட்டம்?

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலையிலும் தோளிலும் கவசம் மாட்டிக்கொண்டு, எதிரியை மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. 1869ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடியதையே முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அன்று அது மாணவர்களின் பொழுதுபோக்கு. இன்று அது பெரும் தொழில். லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள். டெலிவிஷன் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள். நன்கொடை கொடுத்துவிட்டு நாட்டாமை செய்யும் பணக்காரர்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் கவர்னர் அல்ல, நீதிபதி அல்ல, வைத்தியக் கல்லூரிப் பேராசிரியரும் அல்ல. கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான்!

ஒரு பெரிய அணியில் நூறு பேர் வரை ஆடுகிறார்கள். தாக்குதலுக்கு ஒரு பிரிவு, தற்காப்புக்கு ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர். அவருக்குக் கீழே பந்து எறிபவனுக்கு ஒரு பயிற்சியாளர், ஓடுபவனுக்கு ஒருவர், முன்வரிசையில் நின்று மோதுபவர்களுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. அவர்களுக்கும் கீழே படம் பார்த்து எதிரணியின் ஆட்டத்தை அலசுகிறவர்கள். எல்லாருக்கும் அடியில், மேற்படிப்பு மாணவர் என்ற பெயரில், உதவித் தொகை வாங்கிக்கொண்டு பாடுபடும் பட்டதாரி உதவியாளர்கள். இதுதான் ஏணி.

மேஸ்திரியும் ஆட்களும்

இந்த உத்தியோகத்தின் முதல் உண்மை என்ன? உதவிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பது சர்வகலாசாலை. ஆனால் அவருடைய வேலை தொங்கிக்கொண்டிருப்பது தலைமைப் பயிற்சியாளர் என்ற ஒற்றை ஆணியில். மேஸ்திரியோடு வந்த ஆட்கள் மேஸ்திரியோடே போக வேண்டும் என்பது போல, தலைமைப் பயிற்சியாளருக்குக் கல்தா கொடுத்தால் அவர் கூட்டி வந்தவர்களுக்கும் கல்தா. புதிதாக வருபவர் தம்முடைய ஆட்களோடு வருவார். பழைய ஆட்களில் ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொண்டால் அது தயவு, உரிமை அல்ல.

தலைமைப் பயிற்சியாளர் தோற்றுப் போனால் உதவியாளருக்கு வேலை போகும். சரி, ஜெயித்தால்? ஜெயித்தவர் பெரிய இடம் பார்த்துப் போய்விடுவார். போகும்போது கூட்டிக்கொண்டு போனால் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும். கூட்டிக்கொண்டு போகாவிட்டால் வேலை தேட வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

நவம்பர் கடைசியில் சாதாரண ஆட்டங்கள் முடிகின்றன. அப்போதே சீட்டுக் கிழிய ஆரம்பிக்கும். டிசம்பரில் புதிய நியமனங்கள். ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் வருஷ மகாநாடு. பெயர் மகாநாடுதான். ஆயிரக்கணக்கில் கூடும் அந்த ஓட்டல் வராந்தாக்களில் வேலை இல்லாதவர்கள் சட்டைப்பையில் விலாசச் சீட்டை வைத்துக்கொண்டு, தெரிந்த முகம் வராதா என்று பார்த்து நிற்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த காட்சி. சங்கம் என்று பெயர் இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்காகவும் வேலைப் பாதுகாப்புக்காகவும் நிர்வாகத்தோடு பேரம் பேசும் தொழிற்சங்கம் அல்ல அது.

"நானும் ஒரு நாள் அவரைப் போல..."

இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? ஏணிதான் காரணம். அடியில் நிற்பவனுக்கு உச்சியில் நிற்பவனைக் காட்டுகிறார்கள்.

டான் லானிங் என்பவரின் கதையை எடுத்துக்கொள்வோம். மிஸ்ஸூரி மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 2011ல் அதை விட்டுப் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பட்டதாரி உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு அரிஸோனா மாநிலம். பிறகு ஸாம் ஹூஸ்டன் மாநிலம். அங்கே முழு நேர உதவிப் பயிற்சியாளராகிவிட்டவர், 2015ல் அலபாமாவில் மறுபடியும் பட்டதாரி உதவியாளராகக் கீழ்ப்படியில் போய் நின்றார். பிறகு மெம்பிஸ், பிறகு ஜார்ஜியா. 2021 டிசம்பரில் ஓரிகன் சர்வகலாசாலையின் தலைமைப் பயிற்சியாளரானார். பத்து வருஷத்தில் ஆறு இடம் மாறி ஏழாவது இடத்தில் உச்சி!

திறமைசாலி; உழைப்பாளி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தானே ஆயிரம் இளைஞர்களை அற்பத் தொகைக்கு இரவும் பகலும் உழைக்க வைக்கிறார்கள்? மேல் மட்டத்தில் சுமார் 130 சர்வகலாசாலைகள். அதாவது சுமார் 130 தலைமை நாற்காலிகள். உதவிப் பயிற்சியாளர் வேலைகளோ ஆயிரத்துக்கும் மேல். அதற்குக் கீழே பட்டதாரி உதவியாளர்கள் வேறு. ஏணியின் உச்சியில் 130 பேருக்குத்தான் இடம் என்றால், மற்றவர்கள் ஏறாமல் போவது அவர்களுடைய சோம்பலா? இல்லை, ஏணியின் கணக்கா?

உழைப்பு நேரத்துக்கு வரம்பு உண்டா? 1938ம் வருஷத்து அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் வாரம் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தரச் சொல்கிறது. ஆனால் கற்பிப்பதையே பிரதான வேலையாகக் கொண்ட ஆசிரியர்களுக்கு அந்த ஷரத்து பொருந்தாது. பயிற்சியாளரும் ஆசிரியரே என்று சொல்லி அவரையும் அந்த வாசல் வழியே வெளியே தள்ளலாம். பட்டதாரி உதவியாளனையோ "மாணவன்" என்று சொல்லிவிடலாம். சம்பளம் கேட்டால் மாணவன். வேலை வாங்கும்போது ஊழியன்!

பணம் இல்லையா?

"கல்லூரிகளுக்கு ஏது பணம்?" என்று கேட்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலை தன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ பிஷரை நீக்கியது. மிச்சமிருந்த ஒப்பந்தத்துக்காக அவருக்குக் கொடுக்க ஒத்துக்கொண்ட தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். அவருக்கு வேறு வேலை கிடைத்தாலும் அந்தத் தொகையில் ஒரு டாலர் குறையாது என்பது ஒப்பந்தம். 2021ல் லூயிஸியானா மாநில சர்வகலாசாலை பிரையன் கெல்லியைப் பத்து வருஷத்துக்கு 9 கோடியே 50 லட்சம் டாலர் என்று பேசி அழைத்து வந்தது. நான்கு வருஷம் கூட முழுதாக முடியவில்லை. 2025 அக்டோபரில் நீக்கியது. அந்த ஒப்பந்தத்தில் அவருக்குச் சேர வேண்டிய மிச்சம் 5 கோடி டாலருக்கு மேல்.

வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு! ஆனால் அதே அணியில் வேலை செய்த கீழ்மட்டத்து உதவியாளரின் ஒப்பந்தம் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு அல்லது மூன்று வருஷம். வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டுதான் மீதி தருவோம் என்ற ஷரத்து அவர்களில் பலருக்கு உண்டு. மேலே இருப்பவனுக்குக் கழிவு இல்லை. கீழே இருப்பவனுக்குக் கழிவு உண்டு. இது என்ன நியாயம்?

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உதவிப் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஏழைகள் அல்ல. 2018ல் லூயிஸியானா மாநில அணியின் தற்காப்புப் பொறுப்பாளர் டேவ் அராண்டாவுக்கு வருஷச் சம்பளம் 25 லட்சம் டாலர். இப்படிப்பட்டவர்களுக்கு ஏஜெண்டு உண்டு, வக்கீல் உண்டு. அவர்களுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கு லட்சங்களைக் கொடுத்து, ஒருவனை உதவித் தொகையில் வைத்தால், அவர்கள் எந்தக் காலத்தில் ஒன்று சேர்ந்து பேசுவார்கள்? பக்கத்தில் இருப்பவன் தோழன் அல்ல, தன் படியைப் பிடிக்க வந்த போட்டியாளன் என்ற எண்ணம் தானாக வளரும். எஜமானர்களுக்கு இதை விட வசதி வேறு என்ன வேண்டும்?

ஏணியிலும் நிற பேதம்

இந்த ஏணி எல்லாருக்கும் ஒரே ஏணியா என்றால், அதுவும் இல்லை. மைதானத்தில் ஓடி, மோதி, எலும்பு முறிகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பு இனத்துப் பையன்கள். தலைமை நாற்காலிகளைப் பார்த்தால் கறுப்பு முகங்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

உயர் பிரிவுக் கல்லூரி ஒன்றில் முதன்முதலாகக் கறுப்பு இனத்தவர் ஒருவர், வில்லி ஜெப்ரிஸ், தலைமைப் பயிற்சியாளரானது 1979ல், விசிட்டா மாநில சர்வகலாசாலையில். அலபாமா அணியில் ஆடிய முதல் கறுப்பு மாணவர்களின் தலைமுறையைச் சேர்ந்தவர் சில்வெஸ்டர் க்ரூம். கால் நூற்றாண்டுக்கு மேல் உதவிப் பயிற்சியாளராகவே உழைத்தவர். 2003 மே மாதம் அலபாமாவில் தலைமை நாற்காலி காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை விடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான மைக் ஷூலாவுக்குக் கிடைத்தது. ஷூலாவும் அதற்கு முன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அல்ல. பிரபல பயிற்சியாளர் டான் ஷூலாவின் மகன். அதே வருஷம் டிசம்பரில் மிஸ்ஸிஸிப்பி மாநில சர்வகலாசாலை க்ரூமை அழைத்தது. ஏறத்தாழ 70 வருஷப் பழமையான தென்கிழக்கு மாநாட்டில் அவர்தான் முதல் கறுப்பு இனத் தலைமைப் பயிற்சியாளர்!

நாட்டின் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கறுப்பு இனத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் முதன்முதலாக அணியைக் கொண்டு வந்தது எப்போது? 2025 ஜனவரியில். நோட்டர் டாம் அணியின் மார்க்கஸ் பிரீமன். முதல் ஆட்டம் 1869ல், இது 2025ல்!

காரணம் என்ன? தலைமை நாற்காலிக்கு வழி தாக்குதல், தற்காப்புப் பொறுப்பாளர் பதவிகள் வழியாகப் போகிறது. கறுப்பு இன உதவியாளர்களை ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரவும், கறுப்பு இனப் பையன்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசி அழைத்து வரவும் நிறுத்திவிடுகிறார்கள் என்பது நீண்ட நாள் புகார். நியமனமோ டெலிபோனில், தெரிந்தவர்களுக்குள் முடிந்துவிடுகிறது. 2009ல் ஓரிகன் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. மாநில சர்வகலாசாலைகள் தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் முன்பு சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேரில் அழைத்துப் பேச வேண்டும். அழைத்துப் பேசுவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே நிலைமையை அம்பலப்படுத்தவில்லையா?

பையன்களின் கதி

உதவிப் பயிற்சியாளரின் பெரிய வேலை ஆள் சேர்ப்பது. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தாயாரிடம் "உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா" என்று வாக்குக் கொடுப்பது அவர்தான். அந்த முகத்தை நம்பித்தான் பையன் கையெழுத்துப் போடுகிறான். கையெழுத்துப் போட்ட சில நாட்களில் அந்த மனிதர் வேறு சர்வகலாசாலையில்!

1964 முதல் 2024 வரை நடைமுறையில் இருந்த தேசிய ஒப்புதல் கடிதம் என்ன சொல்லிற்று? பயிற்சியாளர் போய்விட்டாலும் கையெழுத்து செல்லும். நீ ஒப்புக்கொண்டது ஸ்தாபனத்தோடு, பயிற்சியாளரோடு அல்ல என்று சொல்லிற்று. 2021 வரை ஒரு கால்பந்து வீரன் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது பொது விதி. அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரோ இன்று ஓரிடம், நாளை வேறோரிடம் என்று அடுத்த ஆட்டத்துக்கே வேலையில் நிற்கலாம். சம்பளம் வாங்குபவருக்குச் சுதந்திரம். சம்பளம் இல்லாதவனுக்குக் கட்டு!

இந்தக் கட்டு தளர்ந்தது யாருடைய கருணையாலும் அல்ல. வீரர்கள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு ஸ்தாபனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட சமரசத்தின்படி, 2025–26ம் வருஷத்தில் ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் வீரர்களுக்கு நேரடியாகச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு கொடுக்க வழி பிறந்தது.

2014ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை வீரர்கள் சங்கம் அமைப்பதா வேண்டாமா என்று வாக்களித்ததையும் மறக்கக்கூடாது. அவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். அணியின் தலைமைப் பயிற்சியாளரோ சங்கம் வேண்டாம் என்று பையன்களுக்கு உபதேசம் செய்தார். 2015 ஆகஸ்டில் தேசிய வாரியம் இதில் தலையிட மாட்டோம் என்று கையை விரித்தது. வாக்குகள் எண்ணப்படவே இல்லை. தங்களுக்குக் கீழே உள்ளவர்கள் ஒன்று சேர்வது தங்களுக்கு ஆபத்து என்று பயிற்சியாளர்கள் நினைக்கும் வரை, தங்களுக்கு மேலே உள்ளவர்களிடம் அவர்கள் தனியாகத்தான் கையேந்தி நிற்க வேண்டும்.

வழி என்ன?

"பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்க்கட்டும், யார் கட்டாயப்படுத்தினார்கள்? இது போட்டி உலகம்" என்று சிலர் சொல்வார்கள். போட்டி உலகமா? அந்த எஜமானர்கள் போட்டியை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு.

1992ல் என்.சி.ஏ.ஏ. ஒரு விதியை அமுலுக்குக் கொண்டு வந்தது. கால்பந்து தவிர்த்த மற்ற விளையாட்டுகளில், கீழ்ப்படியில் உள்ள உதவிப் பயிற்சியாளருக்குப் படிப்பு வருஷத்தில் 12,000 டாலர், கோடையில் 4,000 டாலர். அதற்கு மேல் எந்தக் கல்லூரியும் கொடுக்கக் கூடாது! ஏட்டில் போட்டி, காரியத்தில் கூட்டுச் சதி. உதவிப் பயிற்சியாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதமான விதி இது என்று 1995ல் கான்ஸாஸ் கோர்ட் தீர்ப்பளித்தது. 1998ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1999ல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து என்.சி.ஏ.ஏ. சமரசம் செய்துகொண்டது.

ஏணியில் ஏறி யாரும் இதைச் சாதிக்கவில்லை. கீழ்ப்படியில் நின்றவர்கள் சேர்ந்து நின்றதால் சாதித்தார்கள்.

இன்னொரு உதாரணமும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தின் அரசு சர்வகலாசாலைகளில் ஆசிரியர் சங்கமே பயிற்சியாளர்களுக்கும் சங்கம். அவர்களுக்காகக் கூட்டு ஒப்பந்தம் பேசுகிறது. டெலிவிஷன் வெளிச்சம் படாத சிறிய அணிகள்தான். ஆனாலும் பயிற்சியாளர் ஓர் ஊழியர், அவருக்கும் சங்கம் இருக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. சிறிய இடத்தில் முடிவது பெரிய இடத்தில் ஏன் முடியாது?

கோரிக்கைகள் ஆகாயத்தில் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் போனாலும் உதவியாளரின் வேலை தானாகப் போகக் கூடாது. நீக்கினால் போதிய முன்னறிவிப்பும், படிப்பு வருஷம் முடியும் வரை சம்பளமும் வேண்டும். ஜனவரியில் வேலை இழந்தவனின் குழந்தை மே மாதம் வரை அதே பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும். பட்டதாரி உதவியாளருக்கு உழைத்த மணிக்குக் கூலி வேண்டும். காலியிடங்களைப் பகிரங்கமாக அறிவித்து, தகுதி பார்த்து எடுக்க வேண்டும். ஒப்பந்தக் கழிவு ஷரத்து மேலே ஒரு விதம், கீழே ஒரு விதம் என்று இருக்கக் கூடாது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவரை வெளியே அனுப்ப 7 கோடி டாலர் தேடும் நிர்வாகத்துக்கு இவை பெரிய செலவு அல்ல.

ஏறுகிற ஒருவனைப் பாராட்டுவோம், தவறில்லை. ஆனால் ஒருவன் ஏறும்போது ஒன்பது பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கை ஓயும் நாளில் ஏணியே சாயும். அந்தக் கைகளுக்குக் கூலியும் பாதுகாப்பும் கேட்பது பொறாமை அல்ல, நியாயம். அதைக் கொடுப்பது தர்மம் அல்ல, கடன்!